மிச்ச பிரேக் லைனை எங்கே செருகுவது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஊஞ்சலைக் கழற்றி வைத்து மூன்று நாளாகிறது. அந்தக் கொக்கியில் பழைய துண்டைச் சுற்றி, அதில் ஒரு ஜோடி ரைசரைத் தொங்கவிட்டிருக்கிறோம். பாராசூட்டின் லைன்கள் எல்லாம் வந்து சேர்ந்து, நம் தோளுக்கு மேலே நிற்கும் தடித்த நாடாப் பட்டைக்குத்தான் ரைசர் என்று பெயர். கேனபி, அதாவது காற்றில் விரிந்து நம்மைத் தாங்கும் துணி, கீழே பத்தமடைப் பாயில் மூட்டையாகக் கிடக்கிறது. முதல் நாள் எட்டிப் பார்த்த அம்மா, "ஏல, மாட்டுக்குப் போடுத சேணமா இது?" என்று கேட்டாள்.

இதற்குச் சொந்தக்காரன் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவன். துபாயில் வேலை, அங்கேயே ஸ்கைடைவிங் படித்து முதல் படியான ஏ லைசென்ஸ் வாங்கினான். இப்போது செகண்ட் ஹேண்டில் ஒரு செட் எடுத்திருக்கிறான். லீவில் ஊருக்கு வரும்போது மெயின் கேனபியை (அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் தனி) ரைசரோடு கழற்றிக் கொண்டுவந்துவிட்டான். வந்தவன் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணாச்சி, பிரேக் செட் பண்ணின பொறவு மிஞ்சுத லைனை என்ன செய்ய? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

ஆளாளுக்கு ஒன்று சொல்வது உண்மைதான். எனக்குத் தெரிந்தே ஆறு வழி இருக்கிறது. அதில் இரண்டை அடியோடு விடச் சொல்வேன், இரண்டைச் சூழ்நிலை பார்த்து ஒத்துக்கொள்வேன், ஒன்றைக் காசு கொடுத்தாவது வாங்கச் சொல்வேன். ஆறாவதாக ஒன்று, அது வழியே இல்லை. நான் ரிக்கர், அதாவது பாராசூட்டைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவன், இல்லை. பல வருஷமாகக் குதிக்கிறவன், என் பாராசூட்டை நானே மடிக்கிறவன், அவ்வளவுதான். தையல் ஊசியைத் தொடுகிற வேலை எல்லாம் ரிக்கருக்கு உரியது.

முதலில் இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கேனபி திறக்கும்போது அதன் வால்பக்கம் கொஞ்சம் கீழே இழுபட்டு இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் முழு வேகத்துக்கான நிலையில் திறந்தால் முன்னால் பாய்ந்துகொண்டு திறக்கும். அதற்காகப் பின்ரைசரில் உள்ள கைடு ரிங் வழியாகப் பிரேக் லைனைக் கீழே இழுத்து, லைனிலேயே இருக்கும் ஒரு சின்னக் கண்ணில் டாகிளின் மூக்கைச் செருகிப் பூட்டி வைக்கிறோம். டாகிள் என்பது கையால் பிடித்து இழுக்கும் பிடி. அந்தக் கண்ணைப் பூனைக்கண் என்போம். பூனைக்கண்ணிலிருந்து டாகிள் கட்டியிருக்கும் இடம் வரைக்குமான லைனுக்கு இப்போது வேலை இல்லை, அது வளையமாகத் தொங்குகிறது. கேனபியின் மாடலையும் அளவையும் பொறுத்து ஒரு முழத்துக்குக் கூடவோ குறையவோ இருக்கும். பாராகிளைடிங் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் தரையிலேயே காற்றடைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள், பிரேக்கைப் பூட்டி வைக்க வேண்டிய தேவையே இல்லை.

தம்பி யோசித்ததும் எல்லாரும் முதலில் யோசிப்பதுதான். "மிச்சம்னா வெட்டிட்டா என்ன?" இதுதான் நான் சொன்ன ஆறாவது. மிச்சம் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே தவிர, அதில் ஒரு அங்குலம்கூட மிச்சம் இல்லை. கேனபி திறந்து பிரேக்கை விடுவித்ததும் அந்த ஒரு முழமும் மேலே ஏறிப் போனால்தான் வால்பக்கம் முழுசாகத் தளர்ந்து கேனபி தன் முழு வேகத்தில் பறக்கும். அதைக் குறைத்தால் கையை முழுக்க மேலே விட்டிருந்தாலும் கேனபி பாதி பிரேக்கிலேயே ஓடும். முன்ரைசரை இழுத்தால் உதறும். டாகிளை எதிர்பார்த்த அளவுக்கு இறக்கும் முன்பே ஸ்டால் ஆகிவிடும், அதாவது கேனபி பறப்பதை விட்டுத் தொய்ந்துவிடும். வண்டியில் ஹேண்ட் பிரேக்கை முழுசாக எடுக்காமல் ஓட்டுகிற மாதிரி. ஆக, வெட்டுகிற பேச்சு இல்லை. எங்காவது செருகித்தான் ஆக வேண்டும்.

ஆபத்து எங்கே வருகிறது? ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடும்போது ரத வீதியில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். வடம் நேராக விறைத்து நிற்கும்போது பக்கத்தில் நின்றால்கூடப் பெரிதாகப் பயம் இல்லை. தேர் நின்று வடம் தொய்ந்து தரையில் வளைந்து கிடக்கும்போதுதான் பெரியவர்கள் "வளையத்துக்குள்ள காலை வைக்காதல" என்று சத்தம் போடுவார்கள். அடுத்த இழுப்பில் அந்த வளையம் சுருங்கும், உள்ளே எது இருந்தாலும் பிடிக்கும். பிரேக் லைனும் இதேதான். மூடிய வளையம் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, அடுத்த நொடி அதன் மேல் இழுவிசை வரப்போகிறது. உள்ளே டாகிளின் வால் இருக்கலாம், கைடு ரிங் இருக்கலாம், ஹெல்மெட்டில் வைத்த கேமரா இருக்கலாம், நம் கையே இருக்கலாம். ஆகாயத்தில் கேனபியைக் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறக்க வேண்டிய நிலை வந்தால் இன்னும் மோசம். ரைசரை நம் உடம்பிலுள்ள ஹார்னஸ் பட்டையோடு பிணைக்கும் த்ரீ ரிங் பூட்டு அதை விட்டுவிடும், ஆனால் லைன் எங்காவது மாட்டியிருந்தால் ரைசர் போகாது.

எனக்கே நடந்தது. 4,000 அடியில் இழுத்தேன், 3,200 வாக்கில் கேனபி நன்றாகத் திறந்து நின்றது. சதுரமாக, அழகாக. இரண்டு டாகிளையும் பிடித்து இழுத்தேன். வலது சரக்கென்று வந்தது. இடது ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. வலப்பக்கம் பிரேக் விட்டுப்போச்சு, இடப்பக்கம் இன்னும் பிரேக்கில், ஆகவே கேனபி இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. வலது டாகிளை அதே அளவுக்கு இறக்கிப் பிடித்ததும் நேராயிற்று. நிமிர்ந்து பார்த்தால், லைன் வளையம் இடது டாகிளின் வாலைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டிருக்கிறது. அமெரிக்க ஸ்கைடைவிங் சங்கமான யூஎஸ்பிஏவின் பரிந்துரைப்படி மாணவர்களும் ஏ லைசென்ஸ்காரர்களும் 2,500 அடிக்குக் கீழே போவதற்குள் கேனபியை வைத்துக்கொள்வதா கழற்றிவிடுவதா என்று முடிவெடுத்துக் காரியத்தில் இறங்க வேண்டும், மற்ற லைசென்ஸ்காரர்கள் 1,800 அடிக்குக் கீழே போவதற்குள். நான் 2,500 என்றே மனதில் வைத்திருந்தேன். மூன்று தடவை இடது டாகிளைப் பலமாக ஏற்றி இறக்கினேன். மூன்றாவதில் சுருக்கு அவிழ்ந்தது. ஆல்டிமீட்டர் 2,600 காட்டியது. இறங்கி வந்து மடித்தது யார் என்று விசாரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மடித்தது நான்தான். மிஞ்சிய லைனைச் "சுத்தமாக இருக்கட்டும்" என்று டாகிளுக்குப் பின்னால் செருகியதும் நான்தான்.

அன்றிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பேன். திறக்கிற அதிர்ச்சியில் லைன் செருகின இடத்திலேயே நிற்குமா? நான் டாகிளை இழுக்கும்போது ஒரே இழுப்பில், எதிலும் சுற்றாமல் வெளியே வருமா? நூறு குதிப்புக்குப் பிறகு லைன் எப்படி இருக்கும்? பல பேர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். கெட்டியாக நிற்பதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. செருகின லைன் தானாக வெளியே வந்தால் அது ஒரு தொல்லை. இழுத்தும் வராமல் நின்றால் அது வேறு ரகம்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

சும்மா விட்டுவிடுவது முதல் வழி. சிலர் நிஜமாகவே இப்படித்தான் குதிக்கிறார்கள். ரைசர் மூடிக்குள் லைனை அமுக்கிவிட்டு, "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலை" என்பார்கள். வயிற்றுப்பக்கம் பூமியைப் பார்த்து விழும்போது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. மூடியின் ஓரத்திலிருந்து லைன் அரை அங்குலம் எட்டிப் பார்த்தால் போதும், மீதியைக் காற்று உருவி எடுத்துவிடும். பெரிய மாணவர் கேனபி, கேமரா இல்லை, இறக்கை வைத்த விங்சூட் உடை இல்லை என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆனால் அதை நம்பி எதற்கு?

இரண்டாவது, டாகிளுக்கும் ரைசருக்கும் இடையே லைனை மடித்து வைப்பது. என் கதையில் வந்தது இதுதான். பழைய வெல்க்ரோ ரைசர்களில் இந்தப் பழக்கம் அதிகம். தம்பி வாங்கியதும் அந்த ரகம்தான். டாகிளை வெல்க்ரோ பிடித்துக்கொள்கிறது, லைனையும் அதற்குள்ளேயே வைத்து அமுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பார்க்க அத்தனை ஒழுங்காக இருக்கும், அதுதான் ஆபத்து. லைன் உள்ளே இருக்கிற அகலத்துக்கு வெல்க்ரோ ஒட்டாது, ஆகவே டாகிளின் பிடி தளர்ந்து திறக்கும்போதே ஒரு பக்கம் பிரேக் விட்டுப்போகலாம். கூடவே வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் லைனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கும். தம்பியின் பிரேக் லைனை விரலில் உருட்டிப் பார்த்தேன். மேல்பாகம் வழவழப்பாக இருந்தது. பூனைக்கண்ணுக்குக் கீழே ஒரு சாண் தூரம் பழைய கம்பளி நூல் மாதிரி பஞ்சடைந்திருந்தது. ஸ்லைடர், அதாவது கேனபி மெதுவாகத் திறக்க லைன்கள் வழியே சறுக்கி இறங்கும் துணி, உரசுவது மேலே. கீழ்ப்பாகத்தைத் தின்றது வெல்க்ரோ.

கொக்கியில் இதைச் செய்து பார்த்தோம். லைனின் மேல்முனையைத் துண்டு சுற்றிய கொக்கி மேல் போட்டுத் தம்பி இழுத்துப் பிடித்துக்கொண்டான், கேனபியின் இழுவிசைக்குப் பதிலாக. நான் டாகிளை இழுத்தேன். ஒழுங்காகத்தான் வந்தது, ஒன்பது பத்துத் தடவை. அதற்கடுத்த தடவை லைன் டாகிளின் வாலுக்குக் கீழே போய்ச் சுற்றி நின்றது. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது வேண்டாம் அண்ணாச்சி" என்றான்.

மூன்றாவது, ரப்பர் பேண்ட். உலகம் முழுக்க இதுதான் அதிகம் என்று என் கண்ணுக்குத் தெரிந்தவரை சொல்வேன். ரைசரைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், லைனை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து அதற்குள் செருகல். செலவு கிடையாது, தையல் கிடையாது, இன்றைக்கே செய்யலாம். சரியாகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். அந்தச் 'சரியாக'வில்தான் சிக்கல் எல்லாம்.

எந்த ரப்பர் என்பதே முதல் சிக்கல். பாராசூட் பேக்கிங்குக்கு என்றே விற்கிற ரப்பர் பேண்ட், ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிட வேண்டும் என்ற கணக்கில் பயன்படுவது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற ரப்பர் அந்தக் கணக்கில் வராது. ஒன்று தொட்டதும் அறும், இல்லை இழுத்தாலும் அறாது. அப்புறம் நம்ம ஊர் வெயில். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் ஒரு மத்தியானம் பையை வைத்தால் ரப்பர் பிசுபிசுத்துப் போய் நாடாவில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வாரம் அதே ரப்பர் காய்ந்து வெடிக்கும். தம்பியின் ரைசரில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ரப்பர் கறுப்புக் கறையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை சுற்று என்பது இரண்டாவது. ஒரு சுற்றில் லொடலொடவென்று இருக்கிறதே என்று இரண்டு சுற்றாகப் போட்டுவிடுவார்கள். முதல் கேள்விக்கு அது நல்ல பதில், இரண்டாவதுக்குக் கெட்ட பதில். ஒரு அங்குல அகல மினி ரைசரில் இரண்டு சுற்றுப் போட்ட புது ரப்பருக்குள் பழைய, பஞ்சடைந்த லைன் இருந்தால், டாகிளை இழுக்கும்போது லைன் உருவி வராது, ரப்பரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ரைசர் வழியாக மேலே போகும். போய் கைடு ரிங்கில் ரப்பரும் லைனும் உருண்டையாக அடைத்துக்கொள்ளும். ஆகாயத்தில் அது அறுகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். விழுகிற வேகத்தில் 1,000 அடிக்கு ஐந்தரை வினாடிதான். நல்ல கேனபிக்குக் கீழே இன்னும் நேரம் கிடைக்கும், சுற்றுகிற கேனபிக்குக் கீழே அதுவும் சந்தேகம்.

லைன் எந்த ரகம் என்பது மூன்றாவது, இதை யாரும் பேசுவதில்லை. ஸ்பெக்ட்ரா புதிதாக இருக்கும்போது சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்கும், ஒரு சுற்று ரப்பரிலிருந்து தானாக நழுவும். டாக்ரான் தடிமன், மூன்று மடிப்பு மடித்தால் ரப்பர் விரிந்து முறுக்கிக்கொள்ளும். வெக்ட்ரானும் ஹெச்எம்ஏவும் மெல்லிசு, ஆனால் தேயத் தேயப் பஞ்சடையும், பஞ்சடைந்தது ரப்பரைக் கவ்வும். ஒரே ரப்பர், மூன்று விதமான நடத்தை. ஸ்பெக்ட்ராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. 147 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும் ரகம் அது, ஸ்லைடர் உரசும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஓரத்து லைன்கள்தான் அதிகம் சூடாகும் என்பதால் பிரேக் லைன் மற்றதைவிட வேகமாகச் சுருங்கும். கேனபி முழுக்கும் லைன் மாற்றுவதற்கு முன்னால் கீழ்ப் பிரேக் லைனை மட்டும் ரிக்கர்கள் இடையில் மாற்றுவது இதனால்தான். மிச்சத்தைச் செருகும் வழியைப் பற்றிப் பேசும்போதே அந்த லைனின் வயதையும் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே ரப்பருக்கு என் தீர்ப்பு: பேக்கிங் ரப்பர், ஒரே சுற்று, கொஞ்சம் தளர்ந்தாலும் மாற்றிவிடுவது, ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் விரலால் உருவிப் பார்ப்பது. இதைச் செய்கிற பொறுமை உள்ளவருக்கு ஆகும். எனக்கு இருந்தது, ஒரு சீசன் வரைக்கும்.

நான்காவது வழியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். பூக்கட்டுவது போல, அல்லது குரோஷா பின்னுவது போல, லைனைச் சங்கிலியாகப் பின்னி வைப்பது. ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று அவிழும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். பின்னலின் கடைசிக் கண்ணுக்குள் ஏதாவது புகுந்துவிட்டால் அவிழாது, முடிச்சாக இறுகும். கயிற்றை எடுத்து வைக்கிற வித்தையைப் பாராசூட்டில் காட்டக் கூடாது. இதைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். கட்டடம், மலை உச்சியிலிருந்து குதிக்கிற பேஸ் ஜம்ப் வீடியோக்களில் லைனை வேறு மாதிரி விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறவர்களும் உண்டு. கேனபி மேல் லைன் விழுந்துவிட்டால் அந்தப் பிரேக் லைனை முழுசாக விட்டுவிடலாம் என்பதற்காக அவர்கள் லைனைக் கைடு ரிங்குக்கு வெளியே ஓட விடுகிறார்கள். அவர்களுக்கு ரிசர்வ் கிடையாது, கணக்கே வேறு.

ஐந்தாவதுக்கு வருகிறேன், அதில் இரண்டு கிளை. ரைசரிலேயே தைத்த எலாஸ்டிக் பட்டை ஒன்று, ரைசரிலேயே தைத்த நாடாப் பை இன்னொன்று.

எலாஸ்டிக் பட்டை என்பது ரப்பர் பேண்டின் நிரந்தர வடிவம். ரைசரின் உள்முகத்தில், டாகிளின் வழியில் குறுக்கே வராத இடத்தில், ஒரு விரற்கடை அகல எலாஸ்டிக்கை இரண்டு ஓரமும் தைத்து வைப்பது. லைனை மடித்து அதற்குக் கீழே செருகலாம். ரைசரோடு சேர்ந்திருப்பதால் மேலே ஏறிப் போகாது, கைடு ரிங்கை அடைக்காது. ரப்பர் மாதிரி ஒட்டாது. டாக்ரான் லைன் போட்ட பெரிய கேனபிக்கு நான் இதைத்தான் சொல்வேன், தடித்த லைனுக்கு எலாஸ்டிக் விரிந்து கொடுக்கும். காலப்போக்கில் தொய்யும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தைப்பது யார்? இங்கேதான் தம்பி ஒரு வேலை செய்தான். மார்க்கெட் பக்கம் பள்ளிக்கூடப் பை தைக்கிற டெய்லரிடம் ரைசரைக் காட்டியிருக்கிறான். அவரும் பெரிய மனசோடு, "இதென்ன பெரிய காரியம், அஞ்சு நிமிஷம்" என்றிருக்கிறார். நல்லவேளை, வந்து சொன்னான். அவர் தையல் நன்றாகத்தான் இருக்கும், என் பேத்தி பையே அவர் தைத்ததுதான். ஆனால் நம் எடை, திறக்கும் அதிர்ச்சி எல்லாம் அந்த நாடாவில்தான் நிற்கிறது. எந்த இடத்தில் ஊசி இறங்கலாம், எத்தனை தையல், எந்த நூல் என்பதில் விளையாட முடியாது. ரிக்கர் தைக்க வேண்டும், அதுவும் ரைசர் செய்தவர்களின் கையேடு அனுமதித்தால். நம் மாவட்டத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. துபாய் போய்த்தான் ஆக வேண்டும்.

நாடாப் பைதான் என் முடிவு. இப்போது வருகிற பெரும்பாலான புது ரைசர்களில் இது கூடவே வருகிறது. வெல்க்ரோ கிடையாது. டாகிளின் மூக்கும் வாலும் தனித்தனி உறைக்குள் செருகி நிற்கும். மிச்ச லைனுக்கு என்றே இறுக்கமான நாடா உறை ஒன்று தைத்திருக்கும். லைனைப் பாதியில் மடித்து, அந்த மடிப்பு முனையை மட்டும் உறைக்குள் தள்ள வேண்டும். இரண்டு காலும் ஒரே வாய் வழியாக வெளியே இருக்கும். இதுதான் இதன் சூட்சுமம் என்று நினைக்கிறேன். டாகிளை இழுத்ததும் ஒரு கால் கையோடு கீழே வருகிறது, இன்னொரு கால் கேனபியோடு மேலே போகிறது, நடுவிலிருந்த மடிப்பு வந்த வழியே வெளியே வருகிறது. சுற்றுவதற்கு எதுவும் இல்லை. வெளியே தொங்கும் வளையமும் இல்லை. அறுந்து போக ரப்பரும் இல்லை.

என் பழைய ஜோடி ரைசரில் அந்த உறை இருக்கிறது, அதைத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்தேன். உறை இறுக்கம். விரல் போகாது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அம்மா பாவாடை நாடா கோக்கிற ஊக்கை எடுத்து வந்தான்! யோசனை சரி, கருவி தப்பு. ஊக்கின் முனை திறந்துகொண்டால் லைனுக்குள் குத்தும், குத்தின இடத்தில் இழை அறும், வெளியே தெரியாது. பாராசூட் பையான கன்டெய்னரை மூடும் லூப்பை இழுக்க எல்லாரிடமும் இருக்கும் புல்லப் நாடாவையே எடுத்து, உறை வழியாக விட்டு, லைன் மடிப்பை அதில் மாட்டி மெதுவாக இழுக்கச் சொன்னேன். வந்தது. ஆனால் ஆர்வத்தில் ஒரேயடியாக இழுத்து, மடிப்பு உறையின் மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்க விட்டுவிட்டான். அப்படி விட்டால் பழைய வளையம் வேறு இடத்தில் மறுபடி பிறந்துவிடுகிறது. உறைக்கு உள்ளேயே மடிப்பு நிற்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. லைன் நீளமாக இருந்தால் முதலில் ஒரு மடிப்பு, அப்புறம் அதை உள்ளே.

வரிசையும் முக்கியம். முதலில் பூனைக்கண் கைடு ரிங்குக்குக் கீழே ஒட்டி நிற்க வேண்டும். டாகிள் மூக்கு அதற்குள் போய் உறையில் உட்கார வேண்டும். வால் அதன் உறையில். எல்லாம் முடிந்த பிறகுதான் மிச்ச லைன். கடைசியாக மூக்கைச் சுற்றியோ அதன் அடியிலோ லைன் ஓடவில்லை என்று விரலால் தடவிப் பார்ப்பது. அவசரத்தில் நான் தவறுவது இந்தக் கடைசி ஒன்றில்தான்.

இதற்கும் குறை உண்டு. டாக்ரான் போட்ட பெரிய கேனபிக்கு உறை இடம் கொடுக்காது, திணிக்க வேண்டியிருக்கும், திணித்தது வெளியே வரத் தயங்கும். மடிக்க நேரம் கூடும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை குதிக்கிறவன், ஏழாவதில் சோம்பல்பட்டு உறையைத் தாண்டிவிடுவான். அப்புறம் காசு. ஆனால் ரைசர் விலை கேனபி விலையில் ஒரு சின்னப் பங்குதான். தம்பி புது ஹெல்மெட்டுக்குச் செலவழித்ததைக் கேட்ட பிறகு எனக்கு இதில் இரக்கம் வரவில்லை.

வாங்கும்போது உறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. பில் பூத் 1970களில் கொண்டுவந்த த்ரீ ரிங்கில் பெரிய வளையம், சின்ன வளையம் என்று அளவு உண்டு, ஹார்னஸில் இருக்கும் வளையத்துக்குப் பொருந்த வேண்டும். ரைசரின் நீளம் நம் கை நீளத்துக்கு ஒத்துவர வேண்டும், டாகிள் கைக்கு எட்டாவிட்டால் பை இருந்து என்ன. ஆர்எஸ்எல், அதாவது மெயினைக் கழற்றினால் ரிசர்வைத் தானாகத் திறக்கும் நாடா, மாட்டும் வளையம் சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. ரைசரின் மேல்முனையிலிருந்து கைடு ரிங் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பதைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். அது மாறினால் பூனைக்கண் நிற்கும் இடம் மாறும், கேனபி திறக்கிற விதமும் மாறும், முழு வேகத்தில் பிரேக் லைன் தொய்வதும் மாறும். ரைசரை மாற்றினால் பிரேக் லைன் நீளத்தை ரிக்கர் மறுபடி அளந்து பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இது. கேனபி 190 சதுர அடி, லைன் ஸ்பெக்ட்ரா, ரைசர் பழைய வெல்க்ரோ. எலாஸ்டிக் தைத்து அந்த ரைசரைக் காப்பாற்ற வேண்டாம், வெல்க்ரோவோடு சேர்த்து ஓய்வு கொடுத்துவிடலாம். நாடாப் பை உள்ள ரைசர் ஜோடி, கூடவே கீழ்ப் பிரேக் லைன் இரண்டும் புதிது. புது ஸ்பெக்ட்ரா வழுக்கும், உறைக்குள் அதற்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. ரைசர் வந்து சேர நாளாகுமே, அதுவரை? அதுவரை டிராப்ஸோனில், அதாவது குதிக்கிற மைதானத்தில், வாடகை செட்டில் குதிக்கட்டும். இந்தச் செட்டில் ரப்பரைப் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் லைனே பஞ்சடைந்திருக்கும்போது ரப்பரின் மேல் பழியைப் போட்டு என்ன.

இங்கேயே குதித்துப் பார்த்துவிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எங்கிருந்து? விமானமும் இல்லை, டிராப்ஸோனும் இல்லை. இருந்தாலும் ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் யாரும் மாணவர்களை ஏற்றமாட்டார்கள். யூஎஸ்பிஏ மாணவர்களுக்கு வைத்திருக்கும் காற்று வரம்பு மணிக்கு 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் போல. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று அதைப் பார்த்துச் சிரிக்கும்.

நேற்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை என் ரைசரைக் கொக்கியில் மாட்டினோம். இந்தத் தடவை தம்பி கீழே, நான் ஸ்டூலில் ஏறி லைனை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு டாகிளைத் தேடிப் பிடித்து இழுத்தான். லைன் சரக்கென்று என் கைக்கு வந்தது. மறுபடி செருகினான், மறுபடி இழுத்தான். இருட்டுகிற வரைக்கும் அதையே செய்தான். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நாளைக்காவது என் ஊஞ்சலை மாட்டுவியளா?" என்று கேட்டாள். துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.